செய்தி தொடங்கும் நாள்: மிசூரி வளாகப் போராட்டமும் அமெரிக்க ஊடகங்களும்

2015 நவம்பர் 9, திங்கட்கிழமை. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், கொலம்பியா நகரத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரே நாளில் இரண்டு காரியங்கள் நடந்தன. காலையில், பல்கலைக்கழகத்தின் நான்கு வளாகங்களுக்கும் தலைவராக இருந்த டிம் வுல்ஃப் பதவி விலகினார். கறுப்பின மாணவர்கள் வாரக்கணக்கில் நடத்திய போராட்டத்தின் நேரடி விளைவு அது. கொலம்பியா வளாகத்தின் பொறுப்பாளரும் அன்று மாலையே தன் பதவியிலிருந்து இறங்கப்போவதாக அறிவித்தார். இரண்டுக்கும் நடுவே, கார்னஹன் சதுக்கம் என்ற புல்வெளியில் மாணவர்கள் தங்கள் கூடாரங்களைச் சுற்றிக் கைகோத்து நின்று, ஒரு புகைப்படக்காரரை உள்ளே விட மறுத்தார்கள். அவரும் அதே பல்கலைக்கழகத்து மாணவர்தான்; ஈஎஸ்பிஎன் விளையாட்டு ஊடகத்துக்காகப் படமெடுக்க வந்தவர். இது பொது இடம், உங்களுக்குள்ள அதே அரசியல் சட்ட உரிமைதான் எனக்கும் இருக்கிறது என்று பொறுமையாக வாதாடினார். கூட்டம் அவரை நெருக்கித் தள்ளியது. அதைப் படம்பிடித்துக்கொண்டிருந்த இன்னொரு மாணவரை வெளியேற்ற, தொடர்பியல் துறை உதவிப் பேராசிரியர் ஒருவர் ஆள்பலம் கேட்டுக் குரல்கொடுத்தார்.

அந்த வீடியோ உடனே நாடெங்கும் பரவியது. இரண்டு உயர் அதிகாரிகள் பதவியிழந்த செய்தியைவிட அதற்கு ஆயுள் கூடுதலாக இருந்தது. மாநிலச் சட்டமன்றத்தின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்தப் பேராசிரியரை நீக்கச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள். அவர்மேல் சிறு தாக்குதல் வழக்கும் போடப்பட்டது. 2016 பிப்ரவரியில் வேலை போனது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வீடியோ மறுபடி ஓடியது. வுல்ஃப் ஏன் போகவேண்டி வந்தது என்று கேட்டால் விழிக்கக்கூடிய ஒருவருக்கும் பேராசிரியர் ஆள்பலம் கேட்டது தெரிந்திருந்தது. தடுக்கப்பட்ட புகைப்படக்காரருக்கே இதில் சங்கடம். நான் செய்தியாவது எனக்குப் பிடிக்கவில்லை, உயர்கல்வி நிறுவனங்களில் ஊறிப்போன இனவாதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதுங்கள் என்ற பொருளில் அவர் ட்விட்டரில் எழுதினார். அவருடைய உரிமைக்காகக் கொதித்தவர்கள் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஊடகச் சார்பைத் தேடுகிறவர்கள் வழக்கமாகச் சொற்களைத்தான் புரட்டிப் பார்க்கிறார்கள். கலவரம் என்று எழுதினார்களா, போராட்டம் என்றா? கும்பல் என்றா, மாணவர்கள் என்றா? தேவையான வேலைதான். ஆனால் அமெரிக்க வளாகங்களில் இனப் பாகுபாட்டை எதிர்த்து நடந்த போராட்டங்களின் செய்திகளைத் தொடர்ந்து படித்தால், சொல்லைத் தேர்வதற்கு முன்பே ஒரு தீர்மானம் எடுக்கப்பட்டுவிடுவது தெரிகிறது. கதை எந்த நாளில் தொடங்குகிறது என்ற தீர்மானம் அது. முதல் நாளை எங்கே வைக்கிறோமோ அதைப் பொறுத்து ஒரே செயல் பதிலடியாகவும் தெரியும், அத்துமீறலாகவும் தெரியும். ஒரு பொய்கூட எழுதாமல், ஒவ்வொரு வரியையும் சரிபார்த்து அச்சிட்டும் ஒரு பத்திரிகை பக்கம் சாய முடிவது இதனால்தான்.

மிசூரி மாணவர்கள் தங்கள் முதல் நாளை மறைத்துவைக்கவில்லை. குழுவின் பெயரிலேயே அது இருந்தது: கன்சர்ன்ட் ஸ்டூடண்ட் 1950. அந்தப் பல்கலைக்கழகம் முதன்முதலாகக் கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்ட ஆண்டு அது. பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதோ 1839இல், மிசூரியில் அடிமைமுறை சட்டப்படி நடந்துகொண்டிருந்த காலத்தில். 2015 அக்டோபர் 10 அன்று, பழைய மாணவர்கள் கூடும் ஹோம்கமிங் ஊர்வலத்தில் பதினோரு மாணவர்கள் வுல்ஃபின் திறந்த காரை மறித்து நின்றார்கள். நின்று கோஷம் போடவில்லை. ஒலிபெருக்கியில் வரலாறு சொன்னார்கள். 1839 தொடங்கி, வளாகத்தில் கறுப்பின மக்களுக்கு நடந்ததை ஒருவர் விட்டதிலிருந்து இன்னொருவர் எடுத்து, ஆண்டு ஆண்டாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். சாலையோரக் கூட்டம் பல்கலைக்கழக விளையாட்டு அணியின் முழக்கத்தை எழுப்பி அவர்கள் குரலை அமுக்கப் பார்த்தது. வுல்ஃப் காரைவிட்டு இறங்கவில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை. பத்து நாள் கழித்து அவர்கள் கொடுத்த எட்டுக் கோரிக்கைகளில் ஒன்று, 1969இல் கறுப்பின மாணவர் அமைப்பு கொடுத்த கோரிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்பது. நாற்பத்தாறு ஆண்டுப் பாக்கி.

அந்த ஆண்டு வரிசையில் இடம்பெறத்தக்க சில நிகழ்ச்சிகளைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1923 ஏப்ரலில், பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் ஸ்காட் என்ற கறுப்பினத்தவரை, பேராசிரியர் ஒருவரின் மகளைத் தாக்கியதாகக் குற்றம்சாட்டி, ஒரு கூட்டம் சிறையை உடைத்து இழுத்துவந்து பாலத்தில் தூக்கிலிட்டது. விசாரணையே நடக்கவில்லை. பெண்ணின் தந்தையே கொல்லாதீர்கள் என்று மன்றாடியும் பயனில்லை. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் மாணவர்களும் இருந்தார்கள். கறுப்பின அறிஞர் டு போய்ஸ் தன் கிரைசிஸ் இதழில், மிசூரிப் பல்கலைக்கழகம் படுகொலையைச் செயல்முறைப் பாடமாகவே நடத்தத் தொடங்கிவிட்டது என்று கசப்போடு கிண்டலடித்தார். கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 1936இல் லாய்ட் கெய்ன்ஸ் என்ற இளைஞருக்குச் சட்டப் படிப்பில் இடம் மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1938இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் சிகாகோவில் அவர் காணாமற்போனார். இன்றுவரை தடயமில்லை.

அதே 1939இல்தான் லூசில் புளூஃபோர்டின் கதையும். மிசூரியின் இதழியல் கல்லூரி 1908இல் வால்டர் வில்லியம்ஸ் தொடங்கியது. உலகின் முதல் இதழியல் கல்லூரி என்று பெயர்பெற்றது. பத்திரிகைத் தொழிலுக்கான அறநெறி உறுதிமொழியை எழுதியவரும் அதே வில்லியம்ஸ்தான். புளூஃபோர்ட் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்துவிட்டு, கேன்சஸ் சிட்டியின் கறுப்பின வார இதழான 'கால்' பத்திரிகையில் வேலைபார்த்தவர். முதுகலைப் படிப்புக்கு மிசூரிக்கு விண்ணப்பித்தார். தபாலில் இடம் கிடைத்தது. நேரில் போய் நின்றபோது முகத்தைப் பார்த்தார்கள், இடமில்லை என்றார்கள். அவர் திரும்பத் திரும்ப விண்ணப்பித்தார், வழக்காடினார். கடைசியில் 1942இல், போரால் மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று காரணம் சொல்லி, பல்கலைக்கழகம் முதுகலை இதழியல் படிப்பையே நிறுத்திவைத்தது. ஒரு கறுப்பினப் பெண் உள்ளே வராமலிருக்க, கல்லூரி தன் மேற்படிப்பைத் தானே மூடிக்கொண்டது என்று இதை வாசிப்பதில் தவறில்லை. 1984இல் அதே கல்லூரி அவருக்குக் கௌரவப் பதக்கம் அளித்தது. அவர் வாங்கிக்கொண்டார்.

இவையெல்லாம் தோண்டியெடுக்க வேண்டிய ரகசியங்களல்ல. வளாகத்தின் கறுப்பினப் பண்பாட்டு மையம் கெய்ன்ஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2010 பிப்ரவரியில், கறுப்பின வரலாற்று மாதத்தில், அந்த மையத்தின் வாசலில்தான் இரண்டு வெள்ளையின மாணவர்கள் இரவோடிரவாகப் பஞ்சு உருண்டைகளை இறைத்துவிட்டுப் போனார்கள். பருத்திக் காட்டு அடிமை வாழ்க்கையை நினைவூட்டும் கேலி. அவர்களுக்குக் கிடைத்த தண்டனை குப்பை போட்ட குற்றத்துக்கானது.

இனி 2015இன் நாட்காட்டி. செப்டம்பர் 12 அன்று மாணவர் பேரவைத் தலைவர், கறுப்பின இளைஞர், டிரக்கில் போனவர்கள் தன்னை இனப் பெயர் சொல்லி வசைபாடியதை ஃபேஸ்புக்கில் எழுதினார். அக்டோபர் தொடக்கத்தில், நாடக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த கறுப்பின மாணவர்களை ஒரு குடிகாரன் அதே சொல்லால் ஏசினான். 10ஆம் தேதி ஊர்வல மறியல். 24ஆம் தேதி ஒரு விடுதிக் கழிப்பறையில் மலத்தால் வரையப்பட்ட நாஜி ஸ்வஸ்திகச் சின்னம். நவம்பர் 2 அன்று ஜொனாதன் பட்லர் என்ற முதுகலை மாணவர், வுல்ஃப் விலகும்வரை சாப்பிடப்போவதில்லை என்று அறிவித்தார். வளாகத்து மாணவர் இதழான மேன்ஈட்டரும், இதழியல் கல்லூரி நடத்தும் கொலம்பியா மிசூரியனும் இவற்றை எழுதிக்கொண்டுதான் இருந்தன. உள்ளூரைத் தாண்டி அது பெரிதாகப் போகவில்லை.

நவம்பர் 7 சனிக்கிழமை இரவு, பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் கறுப்பின வீரர்கள் முப்பது பேரளவில் கைகோத்து நின்று எடுத்துக்கொண்ட படம் வெளியானது. வுல்ஃப் போகும்வரை விளையாட மாட்டோம் என்றார்கள். மறுநாள் பயிற்சியாளர் கேரி பிங்கல் அவர்களோடு நின்றார். அடுத்த சனிக்கிழமை கேன்சஸ் சிட்டியில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தோடு நடக்கவேண்டிய ஆட்டம் ரத்தானால் 10 லட்சம் டாலர் நஷ்ட ஈடு. அதன்பிறகு இரண்டு நாள்கூட ஆகவில்லை, தலைவர் விலகினார். தேசியத் தொலைக்காட்சிகளின் வண்டிகள் கொலம்பியாவுக்குள் நுழைந்ததும் அந்த இரண்டு நாளில்தான். பட்லரின் உண்ணாவிரதம் அப்போது ஏழாம் நாளைத் தொட்டிருந்தது. தேசிய ஊடகங்களுக்கு அந்தக் கதை, பெரும்பாலும், ஆட்டம் நடக்குமா நடக்காதா என்ற கேள்வியில் பிறந்தது.

நம் ஊர் நாளிதழ்களில் 'சாலை மறியல்: பொதுமக்கள் அவதி' என்ற தலைப்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் புதுமை இராது. மறித்தவர் யார், எதற்காக என்பது மூன்றாம் பத்தியில் இருந்தால் அதிர்ஷ்டம். பார்வையாளருக்கு எப்போது இடைஞ்சலாகிறதோ அப்போது போராட்டம் பிறக்கிறது.

ஆய்வாளர்கள் இந்தப் பழக்கத்தைக் கவனிக்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகளாகின்றன. 1968 அக்டோபர் 27 அன்று லண்டனில் வியட்நாம் போரை எதிர்த்து ஒரு பேரணி நடந்தது. வன்முறை வெடிக்கும் என்று பத்திரிகைகள் முன்கூட்டியே எழுதிவந்தன. பேரணியின் பெரும்பகுதி அமைதியாகக் கலைந்தது. ஒரு சிறு பிரிவு மட்டும் க்ரோஸ்வெனர் சதுக்கத்தில் போலீசாரோடு மோதியது. எதிர்பார்த்துப் போனதையே பத்திரிகைகள் கொண்டுவந்தன என்பதை லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹாலரனும் உடனாய்வாளர்களும் 1970இல் வெளியான நூலில் காட்டினார்கள். போராட்டச் செய்திகளுக்கென்று ஒரு நிலைத்த வார்ப்பே இருக்கிறது என்ற கருத்தை 1984இல் ஹாங்காங் செய்தித்தாள்களை ஆராய்ந்து ஜோசஃப் சானும் சின்-சுவான் லீயும் முன்வைத்தார்கள். மோதலும் நாடகமும் முன்னால் வரும், கோரிக்கை பின்னால் போகும், அதிகாரிகளின் கூற்றே உண்மையின் அளவுகோலாகும். டாட் கிட்லின் 1960களின் மாணவர் இயக்கத்தில் தானே தலைமை வகித்தவர். பின்னாளில் சமூகவியலாளராகி, சிபிஎஸ் தொலைக்காட்சியும் நியூயார்க் டைம்ஸும் அந்த இயக்கத்தை எழுதிய விதத்தை ஆராய்ந்து 1980இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் என்னை ஈர்ப்பது ஊடகத்தைப் பற்றிய குற்றச்சாட்டைவிட இயக்கத்தைப் பற்றிய கவனிப்புதான். கேமராவுக்குப் பிடித்த முகங்கள் தலைவர்களாகின, கேமராவுக்குப் பிடித்த செயல்கள் உத்திகளாகின என்கிறார்.

எல்லாப் போராட்டங்களும் ஒரே மாதிரி நடத்தப்படுவதுமில்லை. 2017ஆம் ஆண்டில் டெக்சஸ் மாநிலச் செய்தித்தாள்கள் வெளியிட்ட போராட்டச் செய்திகளை டேனியல் கில்கோவும் சம்மர் ஹார்லோவும் ஆராய்ந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கறுப்பின மக்களுக்கு எதிரான இனவாதத்தை எதிர்த்த போராட்டங்கள் சட்ட ஒழுங்குப் பிரச்சினையாகச் சித்திரிக்கப்பட்டது அதிகம். குடியேறிகளின் உரிமை, உடல்நலம், சுற்றுச்சூழல் பற்றிய போராட்டங்களில் கோரிக்கைகள் ஒப்பளவில் நன்றாகவே வெளிவந்தன. போராட்டங்களுக்குள்ளும் படிநிலை இருக்கிறது.

அந்தப் படிநிலையின் பழைய சாட்சி ஒன்று தென் கரோலினாவில் இருக்கிறது. 1964இலேயே பொது இடங்களில் இனப் பிரிவினை சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் ஆரஞ்ச்பர்க் நகரத்து பௌலிங் விளையாட்டரங்கு ஒன்று 1968இலும் வெள்ளையருக்கு மட்டும் என்றே நடந்தது. தென் கரோலினா மாநிலக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் எதிர்த்தார்கள். பிப்ரவரி 8 இரவு வளாக முகப்பில் தீ மூட்டிக் கூடினார்கள். போலீஸ்காரர் ஒருவர்மேல் மரக்கட்டை வந்து விழுந்தது. சில நிமிடங்களில் நெடுஞ்சாலைக் காவலர்கள் சுட்டார்கள். சாமுவேல் ஹாமண்ட், ஹென்றி ஸ்மித், இன்னும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டிலானோ மிடில்டன் ஆகிய மூவர் இறந்தார்கள். இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அசோசியேட்டட் பிரஸ் அனுப்பிய முதல் தகவல் இரு தரப்புக்கும் துப்பாக்கிச் சண்டை என்றது. மாணவர்களிடம் துப்பாக்கி இருந்ததற்குச் சான்று கிடைக்கவேயில்லை. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர் ஜாக் நெல்சன் மருத்துவமனைப் பதிவேடுகளைத் தேடிப் பார்த்தபோது, பெரும்பாலோர் முதுகிலும் பக்கவாட்டிலும் குண்டடி பட்டிருந்தது தெரிந்தது, ஓடியவர்களைச் சுட்டிருக்கிறார்கள். முதல் தகவல் ஊர் சுற்றிவந்த வேகத்தில் இது போகவில்லை. சுட்ட ஒன்பது பேரும் விடுதலையானார்கள். குண்டடிபட்ட கிளீவ்லண்ட் செல்லர்ஸ்தான் கலவரக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். 1993இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது.

இரண்டு ஆண்டு கழித்து, 1970 மே 4 அன்று, ஒஹையோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படையினர் நான்கு வெள்ளையின மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஜான் ஃபீலோ எடுத்த படம் புலிட்சர் விருது பெற்றது, நாடே குலுங்கியது. பதினோரு நாள் கழித்து, நள்ளிரவு தாண்டி, மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் போலீசார் ஒரு பெண்கள் விடுதியை நோக்கி நூற்றுக்கணக்கான குண்டுகளைப் பொழிந்தார்கள். ஃபிலிப் கிப்ஸ், ஜேம்ஸ் ஏர்ல் கிரீன் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்கள் இறந்தார்கள். கென்ட் ஸ்டேட்டைக் கேள்விப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு ஜாக்சன் தெரியும்?

இந்த இரண்டு துப்பாக்கிச்சூடுகளுக்கும் முந்திய ஆண்டின் படம் ஒன்று, முதல் நாள் பற்றிய என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. 1969 ஏப்ரல் 20 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் வில்லார்ட் ஸ்ட்ரெய்ட் மாணவர் மாளிகையிலிருந்து கறுப்பின மாணவர்கள் ரைஃபிள்களோடும் தோட்டாப் பட்டைகளோடும் வெளியே வருகிறார்கள். அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஸ்டீவ் ஸ்டார் எடுத்தது. அதுவும் புலிட்சர் பெற்றது. படத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஆயுதமேந்திய முற்றுகை தெரியும். அவர்கள் உள்ளே போகும்போது கையில் துப்பாக்கி இல்லை என்பது தெரியாது. முந்தைய நாள்களில் கறுப்பின மாணவியர் குடியிருந்த வீட்டின் முன் சிலுவை எரிக்கப்பட்டதும், மாளிகையைப் பிடித்த பின்னர் வெள்ளையின மாணவர் சங்கத்தார் சிலர் பக்கச் சன்னல் வழியாகப் புகுந்து கைகலந்ததும், அதற்குப் பிறகே துப்பாக்கிகள் உள்ளே வந்ததும் அந்தச் சட்டகத்துக்கு வெளியே இருக்கின்றன. படம் எடுக்கப்பட்ட நேரத்தில் நிர்வாகத்தோடு உடன்பாடு முடிந்திருந்தது. அது வெளியேற்றத்தின் படம். ஸ்டாரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கண்முன் வந்ததை அவர் எடுத்தார். நாற்பது மணி நேரத்துக்குள் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நொடியைப் பிரதிநிதியாக்கியது செய்தியறை.

ஆனால் துப்பாக்கியை வெளியே தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கும் இதில் பங்குண்டு. 1960களின் கறுப்பினப் போராட்டங்களையும் செய்தித்தாள்களையும் தேர்தல் முடிவுகளையும் சேர்த்து ஆராய்ந்த ஓமர் வாசோ, 2020இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சொல்கிறார். போராடுகிறவர்கள் அமைதி காத்து, குறிப்பாக அரசே வன்முறையில் இறங்கியபோது, தலைப்புகளில் குடிமை உரிமை என்ற பேச்சு மேலெழுந்தது. போராடுகிறவர்கள் வன்முறையில் இறங்கியபோது கலவரம், குற்றம் என்ற பேச்சு மேலெழுந்தது. வார்ப்பு இருக்கிறது, அதற்குள் போராடுகிறவர் தேர்வுக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாத ஊடக விமரிசனம் எனக்கு அரைகுறையாகவே படுகிறது.

மிசூரிக்குத் திரும்பினால், பழமைவாதிகள் பக்கமிருந்து வந்த குற்றச்சாட்டு நேரெதிரானது: ஊடகங்கள் மாணவர்களுக்குச் சாதகமாகச் சாய்ந்தன, அவர்கள் சொன்னதைச் சரிபார்க்காமல் எழுதின என்பது. இதில் பதர் நிறைய, மணியும் உண்டு. கழிப்பறைச் சின்னம் கட்டுக்கதை என்று இணையத்தில் ஒரு வாதம் கிளம்பியது. போலீஸ் அறிக்கை வெளிவந்து அது உண்மை என்றானது. மறுபுறம், நவம்பர் 10 இரவு, வெள்ளையின வெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளான் வளாகத்துக்குள் வந்துவிட்டதாக மாணவர் பேரவைத் தலைவரே எழுதி, பொய் என்று தெரிந்து மன்னிப்புக் கேட்டார். அந்தப் பீதியை ரஷ்யத் தொடர்புள்ள ட்விட்டர் கணக்குகள் ஊதிப் பெருக்கியதை அமெரிக்க விமானப்படை அதிகாரி ஜாரெட் ப்ரையர் பின்னர் ஒரு கட்டுரையில் விளக்கினார். அதே இரவில் உண்மையான மிரட்டலும் இருந்தது. கறுப்பினத்தவரைக் கண்டால் சுடுவேன் என்று யிக் யாக் செயலியில் எழுதிய 19 வயது வெள்ளையின மாணவரை மறுநாள் நூறு மைலுக்குள்ளிருக்கும் ரோலா நகரத்தில் கைதுசெய்தார்கள். வதந்தியும் உண்மையும் ஒரே இரவில் கலந்து வந்ததால், வதந்தியைக் காட்டி உண்மையைத் தள்ளிவிடுவது எளிதாயிற்று.

விமரிசகர்களின் இன்னொரு கேள்வி நியாயமானது: வுல்ஃப் அப்படி என்னதான் செய்தார்? இனப் பெயர் சொல்லித் திட்டியவர் அவரல்ல, சுவரில் கிறுக்கியவரும் அவரல்ல. நவம்பர் 9 அன்று தொடங்கிய செய்திகளைப் படித்தவருக்கு விடை கிடைக்காது. ஊர்வலத்தில் காருக்குள் உட்கார்ந்திருந்த மௌனம், வேண்டிக் கேட்டும் பல நாள் தள்ளிப்போன சந்திப்பு, நவம்பர் 6 அன்று கேன்சஸ் சிட்டியில் மாணவர்கள் மறித்து அமைப்பு சார்ந்த ஒடுக்குமுறை என்றால் என்ன என்று கேட்டபோது, வெற்றிபெறச் சம வாய்ப்பு இருப்பதாக நீங்கள் நம்பாததுதான் என்று அவர் சொன்ன பதில், இவையெல்லாம் சேர்ந்துதான் விடை. ஆகஸ்டில் முதுகலை மாணவர்களின் மருத்துவக் காப்பீட்டு உதவியைத் திடீரென நிறுத்தப்போவதாக நிர்வாகம் அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் பணிந்த கதையும் அதற்கு முன்னால் இருக்கிறது. கதையைப் பிந்தித் தொடங்கியதால் மாணவர்களுக்கு மட்டும் அநீதி நடக்கவில்லை. வுல்ஃபும் காரணம் தெரியாமல் பலியிடப்பட்டவராகத் தோற்றமளித்தார்.

புல்வெளி மோதலில் சட்டம் புகைப்படக்காரர் பக்கம்தான். அது அரசுப் பல்கலைக்கழகத்தின் பொது வெளி. உள்ளே ஏழு நாள் பட்டினியிலிருந்து எழுந்த ஒருவர், அழுதுகொண்டிருந்த சிலர், கேமராக்களால் சுற்றிவளைக்கப்பட்ட சோர்வு ஆகியவற்றை வைத்து மாணவர்களின் கோபத்தைப் புரிந்துகொள்ளலாமே தவிர, அவர்கள் செய்தது சரியென்று ஆகாது. இது அவர்களுக்கும் விளங்கியது. மறுநாளே தடைப் பலகைகளை எடுத்துவிட்டு, ஊடகங்களுக்கு இங்கே வர உரிமை உண்டு, நம் கதையைச் சொல்ல அவர்கள் தேவை, அவர்களை வரவேற்போம் என்று துண்டறிக்கை கொடுத்தார்கள். முந்தைய நாள் வீடியோவைப் பார்த்தவர்களில் மிகச் சிலரே இதை அறிந்திருப்பார்கள். தவறு நடந்த நாள் செய்தி. திருத்திக்கொண்ட நாள் செய்தியல்ல. தன் தொழில்காரர் ஒருவருக்கு நேர்ந்ததென்பதால் பத்திரிகையுலகம் அந்தத் தள்ளுமுள்ளுக்குக் காட்டிய அக்கறை இயல்பானதுதான். அந்த அக்கறையின் அளவை வைத்துப் பார்க்கும்போதுதான் மற்றவற்றுக்குக் காட்டியது எவ்வளவு குறைவு என்று தெரிகிறது.

பிறப்போடு வரும் சலுகை பற்றிய பேச்சு எப்படித் திசைமாறியது என்பது தனிக் கதை. மாணவர்களின் முதல் கோரிக்கை, வுல்ஃப் தன் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதி, வெள்ளையின ஆண் என்ற முறையில் தனக்குள்ள சலுகையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது. எனக்கும் அது சிறுபிள்ளைத்தனமாகவே படுகிறது. எட்டில் இதை முதலாவதாக வைத்தது உத்திப் பிழை. கேலி முழுவதும் அதன்மேல் குவிந்தது. கறுப்பின ஆசிரியர் எண்ணிக்கையை 10 சதவீதமாக்குங்கள் என்ற கோரிக்கை நிழலில் நின்றது. அப்போது அங்கே கறுப்பின ஆசிரியர் 3 சதவீதத்தை ஒட்டியும், மாணவர் 7, 8 சதவீதமும், மாநில மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 12 சதவீதத்தை ஒட்டியும் இருந்தார்கள். அடுத்து வந்தது பட்லரின் குடும்பச் செல்வம். அவருடைய தந்தை யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தில் உயர் நிர்வாகி என்று கண்டுபிடித்ததும், பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு ஒடுக்குமுறையைப் பற்றிப் பேச என்ன தகுதி என்ற கேள்வி சுற்றியது. டிரக்கிலிருந்து வசைபாடுகிறவன் தந்தையின் சம்பளத்தை விசாரித்துவிட்டு வாய்திறப்பதில்லை. சலுகை ஒரு நிறுவனத்தின் கட்டமைப்பைப் பற்றிய கேள்வி. அதை ஒரு தனியாளின் வங்கிக் கணக்காகச் சுருக்கிவிட்டால் நிறுவனம் தப்பித்துக்கொள்கிறது.

அதே வாரம் யேல் பல்கலைக்கழகத்திலும் இதே சுருக்கம் நடந்தது. ஹாலோவீன் வேடங்கள் பற்றிய ஒரு மின்னஞ்சலும், விடுதிப் பொறுப்பாளரைப் பார்த்துக் கத்திய ஒரு மாணவியின் வீடியோவும் கதையாகின. அடிமைமுறைக்காக வாதாடிய ஜான் கால்ஹூனின் பெயர் ஒரு விடுதிக் கல்லூரிக்கு எதற்கு என்ற நெடுநாள் கேள்வி ஓரத்துக்குப் போனது. 2017இல் யேல் அந்தப் பெயரை நீக்கியபோது, அதை 2015இன் போராட்டத்தோடு சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு.

இதற்கெல்லாம் செய்தியறைகளில் யாரும் கெட்ட எண்ணத்தோடு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. நகரக் கலவரங்களை விசாரித்த கெர்னர் ஆணையம் 1968இல் ஊடகங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அமெரிக்கப் பத்திரிகைகள் வெள்ளையரின் உலகத்திலிருந்தே பார்க்கின்றன, எழுதுகின்றன என்றது. அப்போது ஆசிரியப் பிரிவுகளில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு. பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம், 2000ஆம் ஆண்டுக்குள் செய்தியறைகளில் சிறுபான்மையினரின் விகிதத்தை நாட்டின் மக்கள்தொகைக்கு இணையாக்குவதாக 1978இல் இலக்கு வைத்தது. இலக்கு எட்டப்படவில்லை. ஒரு வளாகத்தின் நினைவு எத்தனை ஆண்டு பின்னோக்கிப் போகவேண்டும் என்பது, மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் பொறுத்தது. புளூஃபோர்டுக்கு 1939ஐ யாரும் நினைவூட்டத் தேவை இருந்திருக்காது.

போராட்டம் ஓய்ந்த பிறகும் முதல் நாள் பற்றிய பிழை ஓயவில்லை. 2017 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ், மிசூரியில் புதுமுக மாணவர் சேர்க்கை இரண்டே ஆண்டில் 35 சதவீதத்துக்கும் மேல் சரிந்துவிட்டதாக எழுதியது. ஏழு விடுதிகள் மூடப்பட்டன, நானூறுக்கும் மேற்பட்ட பணியிடங்கள் போயின. உயர்நிலைப் பள்ளி முடிப்பவர்கள் குறைந்ததும் அண்டை மாநிலக் கல்லூரிகளின் போட்டியும் காரணங்களில் அடங்கும். ஆனால் பொதுப் பேச்சில் நின்றது ஒரே காரணம்: போராட்டம் பல்கலைக்கழகத்தை அழித்தது. அதே செய்தியில் இன்னோர் எண் இருந்தது. போராட்டத்துக்கு அடுத்த ஆண்டுச் சேர்க்கையில் வெள்ளையினப் புதுமுக மாணவர்கள் 21 சதவீதம் குறைந்தார்கள். கறுப்பின மாணவர்கள் 42 சதவீதம். மாணவர்கள் எல்லை மீறினார்கள் என்று எண்ணி விலகிய குடும்பமும், அந்த மாணவர்கள் எதை எதிர்த்தார்கள் என்று கேள்விப்பட்டுப் பயந்து விலகிய குடும்பமும் ஒரே கணக்கில் கழிக்கப்பட்டன. பின்னர் இந்தச் சரிவைச் சுட்டிக்காட்டிய எழுத்துகளில் நான் அடிக்கடி சந்தித்தது 35 என்ற எண்ணைத்தான். 42ஐப் பார்க்க அந்தப் பழைய செய்தியைத் தேடிப் போய்ப் படிக்கவேண்டியிருக்கிறது.